பந்தியில் முந்திய புல்

2022 ஆகஸ்ட். பிரான்ஸில் கடும் வறட்சி. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் குடிநீர் வற்றி, லாரியில் தண்ணீர் போனது. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றாதே, காரைக் கழுவாதே என்று பல ஊர்களில் தடை. ஒருத்தருக்கு மட்டும் சலுகை. யாருக்கு என்கிறீர்கள்? கோல்ஃப் மைதானத்துப் புல்லுக்கு!

பந்தை உருட்டிக் குழியில் தள்ளுகிற இடத்துக்கு 'கிரீன்' என்று பெயர். வழக்கமாக விடுவதில் 30 சதவிகிதத்துக்கு மிகாமல், ராத்திரியில் அதற்குத் தண்ணீர் விடலாம் என்றார்கள். கடுப்பான சிலர், துலூஸ் நகரத்துப் பக்கம் மைதானத்தில் புகுந்து குழிகளில் சிமென்ட்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள். செய்தது தப்பு. கோபம் தப்பில்லை.

'கிரீன் செத்தா தொழிலே போச்சு' என்பது மைதானக்காரர்களின் வாதம். சரி, அது ஏன் அவ்வளவு சீக்கிரம் காய்கிறது?

தோண்டிப் பாருங்கள். மேலே சுமார் 30 செ.மீ. மணல், கீழே 10 செ.மீ. சரளை, அதற்கும் கீழே ஓட்டை போட்ட குழாய்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-லிருந்து சொல்லிவரும் முறை இது. மழை விட்ட கையோடு ஆட வேண்டுமே! அதனால் தண்ணீர் தேங்காமல் கீழே ஓடிவிட ஏற்பாடு.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது வரவு-செலவாகத்தான் தெரிகிறது. வந்த வரவை அன்னிக்கே வெளியே தள்ளிட்டு, கோடையில் கடன் கேட்டு வந்தா எந்த பேங்க் மேனேஜர் கொடுப்பார்?

வடிகாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழாயின் ஒரு முனை கிரீனுக்கு அடியில். மறுமுனை எங்கே? ஊர்க் கால்வாயில் என்றால், மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவுக்கு வெள்ளம், கூடவே புல்லுக்குப் போட்ட உரமும் மருந்தும். கோடையில் அதே தெருவின் குடத்தோடு போட்டி. மைதானத்துக்குள்ளேயே வெட்டிய குளத்தில் என்றால், நாணல் வளர்த்து அழுக்கை வடித்து, அதே புல்லுக்குத் திரும்ப விடலாம். வித்தியாசம் ஒரு குளம்தான்.

முடியாது என்பவர்கள் லாஸ் வேகாஸைப் பார்க்கட்டும். பாலைவனம். அங்கே பல மைதானங்கள் சுத்திகரித்த கழிவுநீரில்தான் பச்சையாக இருக்கின்றன. ஏக்கருக்கு வருடம் சுமார் 77 லட்சம் லிட்டர் என்றிருந்த வரம்பை 2024-லிருந்து 49 லட்சமாகக் குறைத்தார்கள். தாண்டினால் கூடுதல் கட்டணம். வேண்டாத புல்லைப் பெயர்த்தெடுத்தவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள். சூதாட்ட ஊருக்குத் தெரிந்த கணக்கு, மற்றவர்களுக்குத் தெரியாதா என்ன?

இனி உங்கள் ஊரில் யாராவது, 'புல் வாடுது, சலுகை கொடுங்க' என்று வந்தால் சண்டை போடாதீர்கள். சிமென்ட்டும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

'போன மழையில் பெய்த தண்ணியை எங்கே சார் வெச்சிருக்கீங்க?'

பதில் வந்தால், பிறகு சலுகையைப் பற்றிப் பேசலாம்.