பெல்ட்டின் தடம்



சென்ற வாரம் ஜெபக்கூட்டம் முடிந்தபின் ஒரு தகப்பனார் தம் 13 வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். "துப்பாக்கி விளையாட்டு இவனை முரடனாக்கிவிட்டது ஐயா. தங்கையையே அடிக்கிறான். இவனுக்காக ஜெபியுங்கள்" என்றார். பையனுடைய முழங்கைக்கு மேலே பெல்ட்டின் தடம் சிவந்திருந்தது. கைப்பேசியைப் பிடுங்கியபோது விழுந்த அடியாம்.

அடிக்கக்கூடாது என்பதை அடித்தா கற்பிப்பது?

அவ்விளையாட்டுகள் குற்றமற்றவை என்று நான் வாதாட வரவில்லை. காயீனிடம் கைப்பேசி இருந்ததா என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ளும் பிரசங்கமும் எனக்குப் பிடிக்காது. வன்முறை விளையாட்டுகளுக்கும் முரட்டு நடத்தைக்கும் தொடர்பு உண்டென்று அமெரிக்க உளவியல் சங்கம் 2015இல் தீர்மானித்தது. 2020இல் அதைத் திருத்தியபோது, தொடர்பு சிறியது, கத்துதல், தள்ளுதல் போன்றவற்றோடு நிற்பது என்றது. கொடிய வன்செயல்களுக்கு விளையாட்டே காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும் சொல்லிற்று. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 14, 15 வதுப் பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 1,000 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்திருந்தார்கள். பெற்றோர் கண்ட முரட்டுத்தனத்துக்கும் பிள்ளைகள் ஆடிய விளையாட்டின் வன்முறைக்கும் தொடர்பு தென்படவில்லை.

அதே உளவியல் சங்கம் 2019 பிப்ரவரியில் வேறொரு தீர்மானத்தையும் நிறைவேற்றிற்று. பெற்றோர் அடித்துத் திருத்துவது பயன் தராது, பிள்ளைகளின் முரட்டுத்தனத்தை அது கூட்டக்கூடும் என்பதே அதன் சாரம். இதைக்குறித்து ஒரு பிரசங்கமும் நான் கேட்டதில்லை. நீதிமொழிகளின் பிரம்பைக்குறித்தோ கணக்கில்லாமல் கேட்டிருக்கிறேன்.

2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்டபோது நம்மில் பலர் ஸ்தோத்திரம் சொன்னோம். அரசு சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பும் மக்களுடைய தகவல்களின் பாதுகாப்பும். பிள்ளைகளின் கோபம் அல்ல. தடை வந்தபின் நம் வீடுகளில் அடி குறைந்ததாகவும் நான் காணவில்லை.

நள்ளிரவுவரை விளையாடும் பிள்ளை மறுநாள் எரிந்து விழத்தான் செய்வான். வயதுக்கு மீறிய விளையாட்டைக் கொடுக்காதிருங்கள். இரவு 9 மணிக்குக் கைப்பேசியை வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். மறுத்தால், மறுநாளும் உறுதியாய்ச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான். பெல்ட்டை எடுப்பது எளிது. ஆகையால்தான் அதை எடுக்கிறோம்.

இதே பிரசங்க பீடத்திலிருந்து நானும் இருமுறை கைப்பேசியைச் சாடியிருக்கிறேன். அவ்விரு நாளும் அந்தப் பையன் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தான். அவனுடைய தகப்பனார் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சென்ற வாரம் பையனை முழங்கால்படியிடச் சொன்னார். "நீங்களும் வாருங்கள்" என்றேன். அவர் வெகுநேரம் நின்றுகொண்டேயிருந்தார்.