புறாத்தீவும் ஒரு மணிநேரத் தனிமையும்

தனிமை வேண்டுவோர் மலைக்கோ காட்டுக்கோ செல்வர் என்பது நமது மரபான எண்ணம். கடல்நீரில் முகத்தைப் புதைத்தாலே அது கிட்டும் என்று நிலாவெளியில்தான் அறிந்தேன். தொலைபேசி மணிக்கும் அச்சியந்திர ஓசைக்கும் இடையே பல தசாப்தங்களைக் கழித்த பத்திரிகைக்காரனுக்கு இது சிறிய விடயமன்று.

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடுகட்டுவதால் வந்த பெயர். 2003இல் இது தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. மே முதல் செப்டெம்பர் வரை இங்கு கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போதும். நீந்தக்கூட வேண்டாம், குப்புற மிதந்தால் சரி. காது நீரில் அமிழ்ந்ததும் கரையின் இரைச்சல் அறுந்துபோகிறது. எஞ்சுபவை நமது மூச்சொலியும், கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கும் நறநறப்பும்தான். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்கள் நம்மைக் கண்டு விலகிச் செல்லும். குழாயைக் கடித்திருக்கும் வாயால் பேச முடியாது. எவரும் பதிலை எதிர்பார்ப்பதுமில்லை. பத்து முழத்துக்கு அப்பால் துணைவர் ஒருவர் மிதப்பது பாதுகாப்புக்கு அவசியம். அதனால் தனிமை கெடுவதில்லை என்பதே இதன் விந்தை.

ஆனால் இந்தத் தனிமையைத் தேடி அனைவரும் ஒரே வேளையில் வந்து இறங்குகிறோம். விடுமுறை நாட்களில் படகின் பின் படகு. களைத்தவர்கள் முருகைக்கல்லின் மேலேயே எழுந்து நிற்கிறார்கள். அது கல்லன்று, உயிர். உருண்டைத் திரளாக வளரும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவே பருக்கின்றன. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவைப் பக்கத்து முருகைக்கற்பாறைகள் வெளிறி மடிந்தபோது திருகோணமலைப் பாறைகள் பெருமளவு தப்பின. வெப்பத்துக்குத் தப்பியது காலடியில் நொறுங்குவதைக் காணச் சகிக்கவில்லை.

ஒரே வேளையில் தீவில் நிற்கக்கூடியோர் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும்; அது கண்டிப்பாகப் பேணப்படவும் வேண்டும். கட்டணத்தை உயர்த்துவது இதற்கு மாற்றன்று. அது வறியவரை மட்டுமே விலக்கும், காலடிகளைக் குறைக்காது. படகோட்டிகளின் பிழைப்பு கெடும் என்பார்கள். காலை, நண்பகல், மாலை என முறைவைத்து அனுப்பினால் ஓட்டங்கள் குறையவேண்டிய தேவையில்லை. பாறைகள் அழிந்தபின் எவரை ஏற்றிச் செல்வது என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு. மணற்பாங்கான ஆழமற்ற நீரில் பத்து நிமிடம் மிதக்கப் பழக்கிய பின்னரே புதியவர்களைப் பாறைப்பக்கம் விடலாம். இதற்குப் பெருஞ்செலவும் இல்லை.

கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆகஸ்ட் விடுமுறைக்கு வரும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. வாரநாளில், காலையின் முதற்படகில் போங்கள். வெயில் களிம்பை அள்ளிப் பூசுவதை விட நீண்டகைச் சட்டை அணிவது உங்களுக்கும் கடலுக்கும் நல்லது. கைத்தொலைபேசியைக் கரையில் விட்டுச் செல்லுங்கள்.