மொட்டைமாடியும் ஓர் ஆய்வகம்

நுழையும்முன்

அறிவியல் ஆய்வகச் சுவர்களுக்குள் மட்டும் நிகழ்வதன்று. வீட்டு மாடியில் நின்று பொறுமையோடு வானை நோக்குவோரும் அதற்குப் பங்களிக்க இயலும். அத்தகைய நோக்கலும் இரவு வான ஒளிப்படமும் இன்று ஏன் தேவை என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சிறு கருவி எதற்கு?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்டது. பூமியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அது எடுக்கும் படங்களைக் கைப்பேசியிலேயே காணலாம். அவ்வாறிருக்க, கொசுக்கடியையும் பனியையும் பொறுத்துக்கொண்டு வீட்டு மாடியில் சிறு தொலைநோக்கி வழியே வியாழனைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், பெரிய கருவிகள் வந்துவிட்டமையால் ஆர்வலரின் கண்ணுக்கு வேலையில்லை என்னும் முடிவு சரியன்று. பெருந்தொலைநோக்கியின் ஒவ்வொரு மணி நேரமும் முன்கூட்டியே பங்கிடப்படுகிறது. ஒரு சமயத்தில் அது வானின் மிகச்சிறு பகுதியையே காண்கிறது. எதிர்பாராது நிகழ்வதைக் காணப் பல ஊர்களில் பல கண்கள் விழித்திருக்க வேண்டும்.

பூட்டுத் தொழிலாளர் கண்ட வெடிப்பு

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் பூட்டுத் தொழில் செய்துவந்தவர் விக்டர் புசோ. 2016 செப்டம்பர் 20 அன்று, தம் வீட்டு மாடியிலிருந்த 40 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் புதிய ஒளிப்படக் கருவியொன்றைப் பொருத்திச் சோதித்தார். பல கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தைப் படத்துக்கு 20 வினாடி வீதம் தொடர்ந்து பதிவு செய்தார். தொடக்கப் படங்களில் இல்லாத ஓர் ஒளிப்புள்ளி பிந்திய படங்களில் தோன்றியது. மெல்ல மெல்லப் பெருகியது. ஒரு பெருவிண்மீன் வெடிக்கத் தொடங்கிய கணம் அது. வெடித்துப் பல நாள்கள் சென்றபின் காணப்பட்ட விண்மீன்கள் பல. வெடிப்பின் முதல் ஒளியே பதிவானது மிக அரிது. 2018இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களுள் புசோவும் ஒருவர்.

இதனை வெறும் நற்பேறு என்று ஒதுக்கலாகாது. நற்பேறு அந்த ஒளியைக் கருவிக்குள் கொண்டுவந்தது உண்மை. ஆனால், படங்களை ஒப்பிட்டதும், புதிய புள்ளியைக் கருவிப்பிழை என்று தள்ளிவிடாததும், உரியவர்களுக்குச் செய்தி அனுப்பியதும் பழக்கத்தால் வந்தவை.

இம்மரபு பழைமையானது. இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல், தம் கையால் செய்த தொலைநோக்கியை வீட்டுத் தோட்டத்தில் நிறுத்தி, 1781 மார்ச் 13 அன்று யுரேனசைக் கண்டார். சென்னை வான் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். முன்னவர் ஆர்வலர், பின்னவர் பணியாளர். நாள்தோறும் பார்த்துக் குறித்துவைத்த ஒழுங்கு இருவருக்கும் பொது.

படமும் சான்றும்

நன்கு விரிந்த கண்பாவையின் விட்டம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி அதனைவிட 450 மடங்குக்கும் மிகுதியான ஒளியைத் திரட்டும். ஒளிப்படக் கருவியோ அவ்வொளியைப் பல வினாடிகள், பல நிமிடங்கள் சேமிக்கவல்லது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். அதனைத் தவிர்க்க, தொலைநோக்கியை வானோடு சேர்ந்து திருப்பும் விசைப்பொறி உதவும். ஒரே காட்சியின் பல படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், விண்மீன் ஒளி நிலைபெறும். தாறுமாறான புள்ளிகள் மங்கும்.

இங்கேதான் நேர்மை தேவைப்படுகிறது. அழகுக்காக இல்லாத விண்மீனைச் சேர்த்தாலோ, கண்ணை உறுத்தும் புள்ளியை அழித்தாலோ அது படமாக நிலைக்கலாம், சான்றாக நிலைக்காது. புசோ அந்தப் புள்ளியைத் துடைத்திருந்தால் அறிவியல் ஓர் அரிய பதிவை இழந்திருக்கும். நாள், நேரம், இடம், கருவி ஆகியவற்றைக் குறித்துவைத்த மங்கலான படம், குறிப்பற்ற பேரழகுப் படத்தைவிட மதிப்புடையது.

பொருளும் பொழுதும்

தொலைநோக்கி எல்லார்க்கும் வாய்க்குமா என்பது அடுத்த தடை. வாய்க்காவிடினும் கண் உண்டு. மார்கழி இரவுகளில் கிழக்கே செம்மையாக ஒளிரும் திருவாதிரை விண்மீன், 2019 இறுதியில் மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. அண்டை விண்மீன்களோடு ஒப்பிட்டு வெறுங்கண்ணாலேயே இம்மாற்றத்தை அறிய முடிந்தது. உலகெங்குமுள்ள ஆர்வலர்களின் குறிப்புகள் அதன் வரலாற்றைத் தொகுக்க உதவின. விண்மீன் உமிழ்ந்த பொருள் தூசியாகி ஒளியை மறைத்தது என்று பின்னர் ஆய்வுகள் விளக்கின. சிறிய இருகண்நோக்கி ஒன்று கிடைத்தால், கலீலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் புலப்படும். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: எக்கருவியையும் பாதுகாப்பு வடிகட்டியின்றிச் சூரியனை நோக்கித் திருப்பினால் பார்வை பறிபோகும்.

தேர்வுக்குப் படிக்கும் பருவத்தில் இதற்கு நேரம் ஏது என்பதும் பெற்றோரின் நியாயமான கவலையே. ஆனால், வாரத்திற்கு அரைமணி நேரம் போதும். கோள்களின் இயக்கத்தைப் படித்த மாணவர், வியாழனின் நிலவுகள் இடம் மாறுவதை மூன்று இரவுகள் வரைந்து பார்த்தால், மனப்பாடமாக இருந்த பாடம் கண்டறிந்த உண்மையாகிவிடும்.

இருளும் பொதுச்சொத்தே

உண்மையான தடை செலவுமன்று, நேரமுமன்று, வீணாகும் வெளிச்சமே. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது என்று 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடம் காட்டுகிறது. விளக்கே வேண்டா என்பது இதன் பொருளன்று. தெருவுக்கு விளக்கு வேண்டும். அதன் ஒளி தரையில் விழவேண்டும், வானில் சிதறவேண்டியதில்லை. மேற்புறம் மூடிய விளக்கும், தேவையற்றபோது அணைக்கும் வழக்கமும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும். லடாக்கின் ஹான்லே பகுதி இருள்வானக் காப்பகமாகப் பேணப்படுகிறது. அங்கு ஊர்மக்களே பயிற்சி பெற்று வருகையாளர்க்கு வானைக் காட்டுகின்றனர். இருளைக் காப்பது பிழைப்பைக் கெடுப்பதன்று, பிழைப்பாகவும் அமையும் என்பதற்கு அவர்கள் சான்று.

ஆகவே, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வான் நோக்கற் குறிப்பேடு இருத்தல் வேண்டும். மாதம் ஓர் இரவேனும் பள்ளி வளாகத்தின் விளக்குகளை அணைத்து, மாணவர் வானைக் காண வழிசெய்தல் வேண்டும். கண்டதைக் கண்டவாறே எழுதவும், காணாததைக் காணவில்லை என்று எழுதவும் பழகிய மாணவர், எத்துறைக்குச் சென்றாலும் அப்பழக்கத்தை உடன்கொண்டு செல்வர்.