முன்பணம் கொடுத்துவிட்டால் கடத்தல் இல்லையா?

ரிஷிவந்தியம் வட்டாரத்தில் செங்கல் சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளுக்காகப் பரிந்து பேசுகிறார் நண்பர். யாரும் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லையாம். முன்பணம் வாங்கி, கைநாட்டு வைத்து, அவர்களாகவே வண்டி ஏறுகிறார்களாம். பிழைக்கப் போகிறவர்களைக் கடத்தப்பட்டவர்கள் என்று சொன்னால் ஊர் மானம் போகிறதாம். விவரம் தெரியாதவர் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நண்பர் விவரம் தெரிந்தவர்.

அந்த முன்பணம் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். பொங்கல் கழிந்ததும் வாங்குகிறவர் கணவர். ஆனால் சேற்றை மிதிப்பதும், கல் அறுப்பதும், காய்ந்த கல்லை அடுக்குவதும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்துதான். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. மழையில் கரைந்த கல் கணக்கில் வராது. வாரம் ஒருமுறை செலவுக்குக் கொஞ்சம் காசு வரும். அதுவும் பற்றில் ஏறும். நோட்டு மேஸ்திரியின் கையில். மழைக்காலம் வந்து சூளை நிற்கும்போது கடன் இன்னும் பாக்கி என்பார்கள். அடுத்த தையில் அதே வண்டி வரும். நடுவில் தாய் செத்தாலும் ஊருக்குப் போக ஒருவரைப் பிணையாக நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் விரும்பி இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சட்டம் நண்பருக்கு எதிராகத்தான் நிற்கிறது. 2013-இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவும், இப்போது அதன் இடத்தில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவும், ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டே அல்ல என்கின்றன. ஏமாற்றி அழைத்துப் போவதும், ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து அவர் சம்மதத்தைப் பெறுவதும் அந்தப் பிரிவில் எழுதியிருக்கும் வழிகள். அப்பனுக்கு முன்பணம் கொடுத்துப் பிள்ளையைக் கூட்டிப்போய்ச் சுரண்டுவதற்கு வேறு பெயர் கிடையாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே அப்படிப்பட்ட கடனைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பையும் கடன் கொடுத்தவன் தலையில்தான் வைத்தது.

மேஸ்திரி இல்லையென்றால் பட்டினிதானே என்கிறார். அந்தப் பட்டினியைத்தான் உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், கட்டாயம் என்றது. பசியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க ஒப்புக்கொண்டாலும் அது கட்டாய உழைப்பே என்று தீர்ப்பானது.

மேற்கே தெரியும் கல்வராயன் மலையை நண்பர் மறந்துவிட்டார். ஜாகிர்தார்களுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்த காலம் அங்கே 1976 வரை நீடித்தது. ஜாகிர் போனது, தரகர் வந்தார். செம்மரம் வெட்ட மலைகளிலிருந்து ஆள் திரட்டியவர்களும் முன்பணம்தான் கொடுத்தார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் மிதந்த ஐந்து உடல்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கமுள்ள கருமந்துறைப் பகுதி ஆண்களுடையவை. அவர்களும் தாங்களாகவே வண்டி ஏறியவர்கள்தான். செத்தவர்கள் கூலிக்காரர்கள், அனுப்பிய தரகர்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

ஊர் மானம் என்கிறாரே, அதைக் காக்க வழி இருக்கிறது. பொங்கலுக்குப் பிறகு எந்தப் பிள்ளைகள் வகுப்புக்கு வரவில்லை என்று தலைமையாசிரியருக்குத் தெரியும். எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்று தலையாரிக்குத் தெரியும். சூளை எந்த ஊர், முதலாளி யார் என்று கேட்டால் மழுப்புகிறவரை, ஆதாரையும் ரேஷன் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறவரைத் தெருவுக்கே தெரியும். இதை எழுதி கோட்டாட்சியரிடம் கொடுத்தால் அவர் விசாரிக்க வேண்டும். விடுவித்தால் விடுதலைச் சான்றும் மறுவாழ்வுத் தொகையும் உண்டு. பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போதும்.

நண்பர் தன் வாதத்தை உண்மையிலேயே நம்புகிறார் என்றால் ஒன்று செய்யட்டும். தையில் வண்டி கிளம்பும் முன் கிராம சபையைக் கூட்டச் சொல்லி, யாருக்கு எவ்வளவு முன்பணம், எந்தச் சூளை, ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி, பாக்கி எவ்வளவு என்று அந்த மேஸ்திரிகளின் நோட்டை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொல்லட்டும்.