பார்த்துப் பற என்றால் போதுமா?

2025 ஜனவரி 29 இரவு. வொஷிங்டனின் ரீகன் தேசிய விமான நிலையத்தில் இறங்க வந்த பயணிகள் விமானமும் அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலிகொப்டரும் பொட்டோமக் ஆற்றுக்கு மேலே மோதின. 67 பேர் இறந்தார்கள், ஒருவர்கூடத் தப்பவில்லை. ஆற்றிலிருந்து உடல்களை எடுத்து முடிக்க முன்னமே ஜனாதிபதி ட்ரம்ப் ஊடகங்களுக்கு முன்னால் வந்து, பன்முகத்தன்மை எண்டு சொல்லி ஆள் சேர்த்ததுதான் பிரச்சினை என்ற மாதிரிக் கதைத்தார். எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால், தனக்குப் பொது அறிவு இருக்காம்.

இன்னொரு கூட்டம் ஹெலிகொப்டர் விமானிகளைப் பிடித்துக்கொண்டது. 200 அடிக்கு மேல் போகக்கூடாத இடத்தில் 278 அடியில் பறந்திருக்கினம், பிறகென்ன கதை என்பது அவர்களின் வாதம். சரி, பறந்திருக்கினம்தான். (அவர்களின் உயரமானி உண்மையான உயரத்தைவிடக் குறைவாகக் காட்டியிருக்கலாம் என்று விசாரணையில் வந்தது. அதை ஒரு பக்கம் வைப்பம்.) ஆனால் சொன்னபடி 200 அடியிலேயே பறந்திருந்தால்? 33ஆம் இலக்க ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும், ஆற்றின் கிழக்குக் கரையோரமாக 'ரூட் 4' இல் 200 அடியில் போகும் ஹெலிகொப்டருக்கும் நடுவில் 75 அடி மட்டுமே இருக்கக்கூடும் என்று தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கணக்கிட்டுச் சொன்னது. மோதிய விமானத்தை இறக்கை முனைக்கு முனை அளந்தாலே 76 அடி வரும். அதாவது, விதியை அச்சொட்டாகக் கடைப்பிடித்தாலும் மிச்சம் இருந்தது ஒரு இறக்கையளவு இடம். இதுக்குப் பேர் பாதையா?

இப்படி ஒரு பாதையை இத்தனை காலம் ஓடவிட்டதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: கண். கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்கும், அந்த விமானம் தெரியுதா? தெரியுது, நாங்களே பார்த்து விலகிக்கொள்ளுறம் என்று விமானி சொன்னால் அனுமதி கிடைக்கும். அந்த ஒரு வசனத்தோடு, இரண்டையும் பிரித்து வைக்கிற வேலை கோபுரத்திடமிருந்து விமானியின் கண்ணுக்கு மாறிவிடுகிறது. அன்றிரவு ஹெலிகொப்டர் இரண்டு தரம் அப்படிக் கேட்டது, இரண்டு தரமும் கிடைத்தது.

அந்தக் கண் எந்த நிலையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இரவு. பின்னால் ஒரு தலைநகரத்தின் அத்தனை வெளிச்சமும். இரவில் பார்க்கும் கருவி மாட்டினால் பார்வை குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரிச் சுருங்கும். இறங்குவதற்கு ஒன்றின் பின் ஒன்றாக விமானங்கள், எல்லாம் வெறும் விளக்குகளாகத்தான் தெரியும். எல்லாவற்றையும்விட மோசமான விசயம் ஒன்று: உங்களோடு மோதப்போகிற பொருள் கண்ணாடியில் நகராது. விலகிப் போகிறதுதான் இடமோ வலமோ நகர்ந்து கண்ணில் படும். நேரே மோத வருகிறது அசையாத ஒரு புள்ளியாக அதே இடத்தில் நிற்கும், கடைசிச் சில விநாடிகளில்தான் திடீரெனப் பெருக்கும். ஆபத்தானதைத்தான் கண் கவனிக்காமல் விடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையுமில்லை. 1978 செப்டெம்பரில் சான் டியேகோவில் ஒரு போயிங் விமானத்துக்குச் சிறிய செஸ்னா ஒன்று முன்னால் இருப்பதைச் சொன்னார்கள். தெரியுது என்றார்கள் விமானிகள். பிறகு அதைத் தவறவிட்டார்கள், பின்னால் போயிருக்கும் என்று நினைத்தார்கள். 144 பேர் செத்தார்கள். இப்போது பயணிகள் விமானங்களில் மோதலைத் தவிர்க்கும் கருவி இருக்கிறது, உண்மைதான். ஆனால் தரைக்குக் கிட்ட வந்தபின் அது ஏறு, இறங்கு என்று கட்டளை தராது. அன்றிரவும் 'ட்ரஃபிக், ட்ரஃபிக்' என்று கத்தியதோடு சரி.

கோபுரத்திலும் ஹெலிகொப்டர்களையும் விமானங்களையும் ஒரே ஆள்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெரிசல் தாங்காத அந்த நிலையத்துக்கு 2024 இல் காங்கிரஸ் சட்டம் போட்டு மேலதிகமாக நாளுக்கு ஐந்து போய்வரும் சேவைகளைச் சேர்த்தது. அந்த எம்.பிமார் வாராவாரம் ஊருக்குப் போய்வருவதும் அதே நிலையத்தால்தான்.

ஒருத்தருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லாதேங்கோ. 2021 ஒக்டோபர் முதல் 2024 டிசெம்பர் வரை, அந்த நிலையத்தைச் சுற்றி விமானமும் ஹெலிகொப்டரும் ஒரு கடல்மைலுக்குள், 400 அடிக்கும் குறைந்த உயர வித்தியாசத்தில் நெருங்கிய தடவைகள் 15,214. அதில் 85 தடவை பக்கவாட்டில் 1,500 அடிக்குள்ளும் உயரத்தில் 200 அடிக்குள்ளும் வந்திருக்கின்றன. விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையிலேயே இருந்த தரவு இது. கூட்டிப் பார்க்க 67 சாவு தேவைப்பட்டது. பென்டகனுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான நேரடித் தொலைபேசி 2022 மார்ச்சிலிருந்தே வேலை செய்யவில்லை என்பதும் 2025 மே மாதம் செனட் விசாரணையில்தான் வெளியே வந்தது.

தலைநகரில் இராணுவம் பயிற்சி எடுக்கத்தானே வேணும் என்பார்கள். எடுக்கட்டும். பயணிகள் இறங்குகிற பாதைக்குக் கீழே ஏன்? விபத்துக்குப் பிறகு ரூட் 4 இன் அந்தத் துண்டை மூட சில வாரங்கள்தான் எடுத்தது. மூடினபிறகு அமெரிக்கப் பாதுகாப்பு ஒன்றும் இடிந்து விழவில்லை.

மோதிய ஹெலிகொப்டர் தன் இடத்தை அறிவிக்கும் ஏ.டி.எஸ்.-பி. சமிக்ஞையையும் அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு, 2025 டிசெம்பரில் நிறைவேறிய பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள், வொஷிங்டன் வான்பரப்பில் இராணுவ ஹெலிகொப்டர்கள் விலக்குப் பெற்று அந்தச் சமிக்ஞை இல்லாமலே பறக்க வழிவிடும் பிரிவு ஒன்று நுழைந்திருந்தது. பாதுகாப்புச் சபையின் தலைவி ஜெனிஃபர் ஹோமண்டி வெளிப்படையாக எதிர்த்தார். செத்தவர்களின் குடும்பங்கள், ஒரு வருடம்கூட ஆகமுதல், அதை நீக்கச் சொல்லித் திரும்பவும் காங்கிரஸ் படியேற வேண்டி வந்தது.