வேண்டாம் என்றவர்களின் நியாயம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2011 முதல் 2014 வரை, வீட்டு வாசல்களில் இலவசமாக மரம் நட்டுத்தர ஒரு தொண்டு நிறுவனம் முன்வந்தது. வாய்ப்புப் பெற்ற சுமார் 7,400 வீட்டாரில் 1,800க்கும் அதிகமானோர் வேண்டாம் என்று மறுத்துவிட்டனர். ஏழைகளுக்கு மரத்தின் அருமை தெரியாது என்று சொல்லிவிடலாம், சிலர் சொல்லவும் செய்தார்கள். அது அபத்தம்.

எல்ம் மரங்களை நோய் வாரிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் அந்த மக்கள். அந்நகரில் 1967இல் நடந்த இனக் கலவரத்துக்குப் பின், தங்களை ஹெலிகாப்டரிலிருந்து கண்காணிக்கவே நகராட்சி மரங்களை வெட்டியது என்று நம்பும் கறுப்பின முதியோர் அங்கே உண்டு. பட்டுப்போன மரத்தை அகற்ற ஆள் வராமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தெருக்களும் உண்டு. 2013இல் நகரமே திவாலானதே! கிளை கழிப்பதும் சருகு அள்ளுவதும் யார் தலையில் விழும் என்பது அவர்களுக்குத் தெரியாதா? எந்த மரம் வேண்டும் என்றுகூட அவர்களிடம் சரியாகக் கேட்கவில்லை.

நகர்ப்புற மரங்களுக்கென 2022இல் அமெரிக்க அரசு 150 கோடி டாலர் ஒதுக்கியது. இத்தகைய நிதியில் கன்றுக்கும் குழிக்கும் மட்டுமல்ல, நட்டபின் பராமரிக்கும் ஆண்டுகளுக்கும் பங்கு வேண்டும். மரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீட்டாரிடம் இருக்கட்டும். மறுப்பவரின் காரணத்தையும் பதிவு செய்யுங்கள்.