கூண்டில் பெருகும் கானமயில்... வெளியே விட இடம் இருக்கிறதா? சோலார் மின்சாரத்துக்கும் ஒரு பறவைக்கும் என்ன பிரச்னை?

ராஜஸ்தானின் மாநிலப் பறவையான கானமயில், உலகிலேயே வேகமாக அழிந்துவரும் பறவைகளில் ஒன்று. காட்டில் மிஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்பது பரவலான மதிப்பீடு. ஆனால், ஜெய்சால்மர் மாவட்டத்தில் உள்ள இனப்பெருக்க மையங்களில் இவற்றின் எண்ணிக்கை 60ஐத் தாண்டிவிட்டது. 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் மூலமும் ஒரு குஞ்சு பிறந்தது.

நல்ல செய்திதானே? ஆமாம். ஆனால், வளர்ந்த பறவைகளை எங்கே கொண்டுபோய் விடுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

கானமயில் என்பது எந்தப் பறவை?

பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் இனம் இல்லை. சுமார் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். ஆண் பறவை 15 கிலோ வரை எடை போடும். பறக்கக்கூடிய பறவைகளில் மிகவும் கனமானவற்றில் இதுவும் ஒன்று.

மரத்தில் கூடு கட்டாது. திறந்த புல்வெளியில், வெறும் தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடும். அதை நாயோ நரியோ தின்றுவிடும் ஆபத்தும் உண்டு. ஒருகாலத்தில் பஞ்சாபில் தொடங்கி தமிழ்நாடு வரை இந்தப் பறவை பரவியிருந்தது. இன்று கிட்டத்தட்ட எல்லாமே ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில்தான் இருக்கின்றன.

மின்கம்பி எப்படி எமனாகிறது?

கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், நேர் எதிரே உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவு. கம்பி கண்ணில் படும்போது ரொம்ப அருகே வந்திருக்கும். கனமான உடல் என்பதால் சட்டென்று திரும்பவும் முடியாது.

தார் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் கம்பியில் மோதி இறக்கலாம் என்று இந்திய வனஉயிரின நிறுவனம் மதிப்பிட்டது. மொத்தமே நூற்றைம்பதுக்குள் இருக்கும் இனத்துக்கு இது தாங்க முடியாத இழப்பு.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் மின்கம்பிகளை முடிந்த இடங்களில் எல்லாம் நிலத்தடியில் பதிக்க உத்தரவிட்டது. அது பொருந்திய பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். நாட்டின் பெரிய சோலார், காற்றாலைத் திட்டங்கள் வரும் இடமும் இதுதான். இவ்வளவு பெரிய பரப்பில் உயர் அழுத்தக் கம்பிகளைப் புதைப்பது சாத்தியமில்லை என்று மத்திய அரசு வாதிட்டது.

2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவை அமைத்தது. பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து பாதுகாப்பு பெறுவதும் குடிமக்களின் உரிமை என்றும் அதே தீர்ப்பு கூறியது. குழுவின் பரிந்துரைகளை 2025 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்றது. இதன்படி ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் முன்னுரிமைப் பகுதிகளாக இருக்கும். அங்கே புதிய காற்றாலைகளுக்கும் பெரிய சோலார் பூங்காக்களுக்கும் கட்டுப்பாடு உண்டு.

அப்போ பிரச்னை தீர்ந்ததா?

இங்கதான் சிக்கலே. கம்பி ஒரு காரணம்தான். அடிப்படைக் காரணம், புல்வெளியை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. மரம் இருந்தால் காடு, பயிர் இருந்தால் வயல். இரண்டும் இல்லையென்றால் அரசுப் பதிவேட்டில் அது பெரும்பாலும் 'தரிசு'. திட்டம் எதுவானாலும் முதலில் கை வைப்பது தரிசில்தான். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கும் கானமயிலுக்கும் அதுதான் வாழ்விடம்.

வயலிலும் மாற்றம் வந்துவிட்டது. மழையை நம்பிக் கம்பு விதைத்து, மீதி நாளில் சும்மா கிடந்த நிலம் இந்தப் பறவைக்குத் தோதாக இருந்தது. கால்வாய்ப் பாசனமும் பூச்சிக்கொல்லியும் வந்தபிறகு, அது தின்னும் வெட்டுக்கிளியும் வண்டும் குறைகின்றன. இன்று கானமயில்கள் ஓரளவு நிம்மதியாக இருக்கும் இடங்களில் ஒன்று, பொக்ரான் ராணுவப் பயிற்சித் தளம்! அங்கே ஆள் நடமாட்டமும் கட்டுமானமும் குறைவு.

சரணாலயம் அறிவித்தால் போதாதா?

மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981ல் கானமயிலுக்காகவே சரணாலயம் அறிவித்தார்கள். அதற்குள் விவசாயிகளின் பட்டா நிலமும் சிக்கியது. நிலத்தை விற்க முடியாமல் தவித்த மக்களுக்குப் பறவை மீதே வெறுப்பு வந்தது. கடைசியில் அங்கே பறவையும் இல்லை, சரணாலய அறிவிப்பும் ரத்தானது. ஊர் மக்களைச் சேர்க்காத பாதுகாப்பு எப்படி முடியும் என்பதற்கு அது பாடம்.

அடுத்து என்ன?

மையத்தில் வளரும் பறவைகளின் வாரிசுகளைத் திறந்தவெளியில் விடுவதுதான் இறுதி இலக்கு. அதற்குக் கம்பி குறைந்த, தெருநாய்த் தொல்லை இல்லாத புல்வெளி தேவை. அந்தப் புல்லைக் காக்கும் மேய்ப்பர்களுக்கும், பூச்சிமருந்தைக் குறைக்கும் விவசாயிகளுக்கும் வருமானத்துக்கு வழி வேண்டும்.

சோலார் பேனலை வைக்க வேறு இடம் பார்க்கலாம். கானமயிலுக்கு இந்தப் புல்வெளியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.